ஐ-94 தேதி தாண்டியவர்கள் மறுபடி டிக்கெட் எடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போன பெற்றோர் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம், ‘பாஸ்போர்ட்டில் பத்தாண்டு விசா இருந்தும்’ என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. படிக்கிறவர்கள் அதிகாரிகளின் அடாவடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். சில நேரம் அடாவடியும் உண்டுதான். ஆனால் பல சமயம், போன முறை தங்கியதில் நடந்த பிசகுதான் இந்த முறை கதவை அடைக்கிறது; அப்படியொன்று நடந்ததே குடும்பத்துக்குத் தெரிந்திருக்காது. விசா வேலையில் அன்றாடம் புழங்குகிறவர்கள் என்ற முறையில் இதை விவரமாக எழுதுகிறோம். கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் பி-1/பி-2 (வணிக, சுற்றுலா) விசா, அமெரிக்க வாசல் வரை வந்து உள்ளே விடும்படி கேட்பதற்கான சீட்டு, அவ்வளவுதான். எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சென்னைத் துணைத் தூதரகம் முடிவு செய்வதில்லை. போய் இறங்கும் விமான நிலையத்தில் சிபிபி எனப்படும் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் அதிகாரி முடிவு செய்கிறார். அவர் பதியும் ஐ-94 பதிவில் உள்ள கடைசித் தேதிதான் செல்லும். சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் கிடைக்கும். 2013 வரை இது ஒரு வெள்ளை அட்டையாகப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் குத்தப்பட்டு வந்தது. கையில் காகிதம் இருந்தவரை தேதியும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. இப்போது விமானத்தில் வருகிறவர்களுக்கு அது கணினிப் பதிவு மட்டுமே. பாஸ்போர்ட்டில் முத்திரைகூடப் பல இடங்களில் வைப்பதில்லை. விசாவில் 2033 என்று பார்த்துவிட்டு, மருமகளின் பிரசவம் முடிந்து குழந்தைக்குத் தலை நிற்கிறவரை இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஆகவே இறங்கிய இரண்டொரு நாளில் சிபிபி இணையதளத்தின் ஐ-94 பக்கத்தைத் திறந்து, பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிவை எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இதில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர் கட்டமோ இயற்பெயர் கட்டமோ காலியாக இருக்கும். ஒரே பெயர் உள்ளவருக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ (‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும். அப்படிப்பட்டவர்கள் தேடும்போது ‘பதிவு இல்லை’ என்று வந்தால் பதறவேண்டாம். முதல் பெயர் கட்டத்தில் எஃப்என்யு என்று போட்டும், இரண்டு பெயர்களை இடம் மாற்றியும், அப்பா பெயரைச் சேர்த்தும் விட்டும் தேடிப் பார்க்க வேண்டும். அப்போதும் கிடைக்கவில்லை என்றாலோ, தேதியோ விசா வகையோ தவறாக இருந்தாலோ, பெரிய விமான நிலையங்களில் இருக்கும் சிபிபியின் ‘டெஃபர்ட் இன்ஸ்பெக்‌ஷன்’ அலுவலகத்தில் திருத்திக்கொள்ளலாம். இதை அமெரிக்காவில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். ஊர் திரும்பிய பிறகு அதே வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஐ-94 தேதி எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வருவதற்கு முதல் காரணம் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் நான்கு மாதத்தில் முடிவதாக இருந்தால், அதிகாரி அந்த நாளோடு அனுமதியை நிறுத்திவிடக்கூடும். சுற்றுலா வருகிறவர்களைவிட எச்-1பி வேலை விசாக் குடும்பங்களில்தான் இது அதிகம் வலிக்கிறது. மூன்றாண்டு நீட்டிப்புக்கான ஒப்புதல் தாள் ஐ-797 கையில் இருக்கும். அதன் அடியில் 2027 என்று ஓர் ஐ-94-உம் இருக்கும். இடையில் ஊருக்கு வந்து திரும்பும்போது, பாஸ்போர்ட் 2026-ல் முடிகிறது என்று அதிகாரி 2026 தேதியிட்ட புதிய ஐ-94 கொடுத்துவிடுவார். கடைசியாகக் கிடைத்த ஐ-94 எதுவோ அதுதான் செல்லும். அதற்கப்புறம் தூதரகத்தில் புதிய பாஸ்போர்ட் வாங்கினாலும் ஐ-94 தானாக நீளாது; நீட்டிப்பு மனு போடவேண்டும், அல்லது வெளியே போய்ப் புதிய பாஸ்போர்ட்டோடு திரும்ப வேண்டும். கணவருக்கு நிறுவனம் எல்லாம் பார்த்துச் செய்யும். எச்-4 என்ற குடும்ப விசாவில் இருக்கும் மனைவியின் ஐ-94-ஐ யாரும் பார்க்கமாட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பச்சை அட்டை விண்ணப்பத்தின்போதுதான் வழக்கறிஞர் கண்டுபிடித்துச் சொல்வார்.

தேதி தாண்டினால் என்ன ஆகும் என்பதில்தான் குழப்பம் அதிகம். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவது நல்லது. 2025 மார்ச் 10 அன்று இறங்கியவருக்கு ஐ-94 தேதி செப்டம்பர் 9 என்று வைத்துக்கொள்வோம். அவர் செப்டம்பர் 12-ல் கிளம்பினால் மூன்று நாள் கூடுதல். இதற்கு வருடக்கணக்கான தடை எதுவும் கிடையாது. ஆனால் குடிவரவுச் சட்டத்தின் 222(ஜி) பிரிவுப்படி, அந்தப் பத்தாண்டு விசா அன்றே தானாகச் செத்துவிடுகிறது. யாரும் கடிதம் போடமாட்டார்கள், முத்திரை குத்தமாட்டார்கள். பார்வைக்கு விசா அப்படியேதான் இருக்கும். அவர் புதிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் பொதுவாகத் தன் குடியுரிமை நாட்டில்தான். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் இந்தியர் அங்கே விண்ணப்பிக்க முடியாமல் சென்னைக்கோ வேறு இந்திய நகரத்துக்கோ வர நேர்வது இதனால்தான். நேர்காணலில் 221(ஜி), 214(பி) என்று தாள் கொடுப்பார்களே, அவற்றோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலாவது, கோப்பில் ஏதோ குறைகிறது அல்லது சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்பது. இரண்டாவது, திரும்பி வருவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை என்பது. 222(ஜி) விசாவின் உயிரைப் பற்றியது.

அதே ஆள் கிளம்பாமல் இருந்தால் செப்டம்பர் 10 முதல் ‘சட்டவிரோதத் தங்கல்’ நாள்கள் ஓடத் தொடங்கும். 2026 மார்ச் 8-உடன் 180 நாள் முடிகிறது. அதைத் தாண்டி, ஒரு வருடம் ஆகும் முன், நாடுகடத்தல் வழக்கு தொடங்குவதற்குள் தானாகக் கிளம்பினால் 3 ஆண்டுத் தடை. செப்டம்பர் 9-ஐத் தொட்டு ஒரு முழு வருடம் ஆகிவிட்டால் 10 ஆண்டு. 1996-ல் நிறைவேறி 1997 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இந்தத் தடைகளுக்கு ஒவ்வொரு பயணத்தின் நாள்களும் தனித்தனிக் கணக்கு. போன முறை 100, இந்த முறை 100 என்று கூட்டுவதில்லை. இன்னொன்று, தடை தொடங்குவது தங்கியதால் அல்ல, வெளியேறியதால். விமானம் ஏறும் நாளில்தான் அது வந்து ஒட்டுகிறது. 18 வயது நிரம்பாதவர்களுக்கு இந்த நாள்கள் ஓடாது. நேர்மையான அடைக்கல மனு நிலுவையில் இருந்து, அனுமதியில்லாமல் வேலை செய்யாமல் இருப்பவர்களுக்கும் ஓடாது.

வெளியேறுவதால்தான் தடை என்ற இந்த விதி பல குடும்பங்களைக் கவிழ்த்திருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகனிடம் இரண்டு வருடமாகத் தேதி தாண்டித் தங்கியிருக்கும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். முறையாக விசா காட்டி உள்ளே வந்தவர் என்பதால், மகனின் மனு மூலம் அங்கேயே இருந்தபடி பச்சை அட்டை கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. 21 வயது நிரம்பிய குடிமகனின் பெற்றோருக்குக் கூடுதல் தங்கல் குறுக்கே நிற்பதில்லை. ஊரில் ஒரு சாவு என்று அவர் கிளம்பி வந்துவிட்டால் அந்த நிமிடமே பத்தாண்டுத் தடை. பிறகு சென்னையிலிருந்து குடியேற்ற விசா கேட்டால் ஐ-601 என்ற விலக்கு மனு வேண்டும். அதற்கு, அவருடைய கணவரோ பெற்றோரோ அமெரிக்கக் குடிமகனாகவோ பச்சை அட்டைக்காரராகவோ இருந்து, இவர் இல்லாமல் அவர்களுக்கு மிகக் கடுமையான துன்பம் நேரும் என்று காட்ட வேண்டும். மகனின் துன்பம் அந்தக் கணக்கில் வராது. சட்டம் எழுதியவர்கள் எந்த மனநிலையில் எழுதினார்கள் என்று தெரியவில்லை. பிள்ளை தவிப்பது அவர்களுக்குத் துன்பமாகத் தோன்றவில்லை. தங்கியே இருங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. 180 நாளைத் தாண்டிவிட்ட எவரும், துக்கமானாலும் கல்யாணமானாலும், ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசாமல் டிக்கெட் எடுக்கக் கூடாது.

பச்சை அட்டைக்கான ஐ-485 மனு நிலுவையில் இருப்பவர்கள் வெளியே போக வேண்டுமானால் ஐ-131 மூலம் முன்கூட்டியே பயண அனுமதி வாங்கவேண்டும். எச்-1பி, எல்-1 வேலை விசாத் தகுதி நடப்பில் இருப்பவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. மற்றவர்கள் அனுமதியில்லாமல் போனால் மனு கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும். அந்த அனுமதியோடு போய் வருவது பத்தாண்டுத் தடைக்குரிய ‘வெளியேற்றம்’ ஆகாது என்று 2012-ல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் ஓர் இந்தியத் தம்பதியின் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதன் பலன் பலருக்குக் கிடைத்திருக்கிறது. இருந்தாலும் திரும்பும்போது உள்ளே விடுவது அதிகாரியின் கையில்தான் என்பதால், வழக்கறிஞர் சொன்ன பிறகே கிளம்புவது நல்லது.

நாள் போதவில்லை என்றால் நீட்டிப்புக் கேட்பதற்கு ஐ-539 படிவம் இருக்கிறது. ஐ-94 தேதிக்கு 45 நாள் முன்பே போடும்படி குடிவரவுச் சேவைத் துறை சொல்கிறது. தேதிக்குள் போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும். 2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி இணையத்தில் 420 டாலர், தாளில் 470 டாலர். கட்டுகிற நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், மாறும். கணவனும் மனைவியும் ஒரே மனுவில் சேர்ந்துகொள்ளலாம். காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி, மருத்துவக் காரணம் என்றால் மருத்துவர் கடிதம், மகனின் வங்கிக் கணக்கும் சம்பளச் சீட்டும், திரும்பும் டிக்கெட், ஊரில் வீடு நிலம் இருப்பதற்கான தாள் எல்லாம் இணைக்க வேண்டும். ‘பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். பாட்டி பேரனைத் தூக்குவது நமக்கு வேலையாகத் தெரியாது. அவர்கள் கண்ணுக்கு அது சம்பளமில்லாத ஆயா வேலையாகத் தெரியக்கூடும். விமான நிலையத்தில் ‘எதற்கு வந்தீர்கள்’ என்ற கேள்விக்கும் இதே எச்சரிக்கை.

நேரத்தோடு போட்ட மனு நிலுவையில் இருக்கும்வரை சட்டவிரோதத் தங்கல் நாள்கள் ஓடுவதில்லை. ரசீதாக வரும் ஐ-797சி தாளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். முடிவு வருவதற்குள் ஊர் திரும்பியவர்களுக்கு அடுத்த முறை அதுதான் கவசம். மனு தள்ளுபடியானால் மறுநாளிலிருந்து நாள்கள் ஓடும். அதன்பின் ஒரு வாரம்கூடச் சுணங்கக் கூடாது. நீங்கள் கேட்ட தேதியும் தாண்டிவிட்டது, முடிவும் வரவில்லை என்றால் கிளம்பிவிடுவதுதான் சரி. ஐ-94 தேதி முடிந்தபின் போட்ட மனுவுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரியில் கிடந்தோம், விமானம் ஓடவில்லை என்பதுபோல் நம் கையை மீறிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு, அவ்வளவே. 2020 மார்ச்சில் இந்தியாவுக்கான விமானங்கள் நின்றபோது அங்கே மாட்டிக்கொண்டவர்களிடம் இன்றும் அந்த மாதங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். ரத்தான டிக்கெட்டின் மின்னஞ்சல், நீட்டிப்பு ரசீது, கடைசியில் ஏறிவந்த விமானத்தின் போர்டிங் பாஸ் மூன்றையும் அச்செடுத்து பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள்.

நயாகராவின் கனடாப் பக்கம் போய்ப் படம் எடுத்துவிட்டு வந்தால் ஆறு மாதம் புதிதாகத் தொடங்கும் என்று சொல்லித் தருகிற நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கனடா, மெக்சிகோவுக்கு 30 நாளுக்குள் போய் வந்தால் பழைய ஐ-94 தேதியே தொடரும் என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கூடவே, தேதிக்குள் திரும்பிய ஒருவர்கூட ஐந்தரை மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே, மறுபடி ஐந்தரை மாதம் அங்கே என்று போனால், ‘நீ சுற்றிப் பார்க்க வரவில்லை, குடியிருக்கிறாய்’ என்று மறுக்கப்படலாம். அங்கே தங்கிய காலத்துக்குக் குறையாமல் இங்கே இருந்துவிட்டுப் போகவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதியில்லை. ஆனால் அப்படிப் போகிறவர்களிடம் கேள்வி குறைகிறது.

மாணவர்களுக்கு விதி கொஞ்சம் வேறு. எஃப்-1 ஐ-94-ல் தேதிக்குப் பதிலாக ‘டி/எஸ்’ என்றிருக்கும். படிப்பு ஒழுங்காக நடக்கும்வரை என்று பொருள். படிப்பையோ பயிற்சியையோ முறித்துக்கொண்டால் தகுதி போய்விடும், ஆனால் 3, 10 ஆண்டுத் தடைக்கான நாள்கள், குடிவரவுத் துறையோ நீதிபதியோ முறைப்படி முடிவு சொன்ன பிறகே ஓடும். 2018-ல் இதை மாற்றப் பார்த்ததை நீதிமன்றம் நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் டி/எஸ் முறையையே எடுத்துவிட்டுத் தேதி போட உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வரைவு விதி கொண்டுவந்தது. ஆகவே பிள்ளைகள் கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் நடப்பு நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது அவசியம். எச்-1பி-யில் வேலை போனவர்களுக்கு 60 நாள் அல்லது ஐ-94 தேதி, எது முந்தியதோ அதுவரை அவகாசம். குடும்பத்தின் எச்-4-உம் அதோடு முடியும்.

சிங்கப்பூர், பிரிட்டன், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நார்வே பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களும் இதைப் படிக்கலாம். நீங்கள் விசா இல்லாமல் எஸ்டா எனப்படும் இணைய முன் அனுமதியில் போகிறீர்கள். 90 நாள், நீட்டிப்புக் கிடையாது. ஒரு நாள் தாண்டினாலும் இனி எஸ்டா கிடைக்காது, ஒவ்வொரு முறையும் தூதரகத்தில் விசா கேட்க வேண்டும். தவிர, எஸ்டாவில் போகிறவர் வெளியேற்றத்தை எதிர்த்து வழக்காடும் உரிமையை முன்பே விட்டுக்கொடுத்துவிடுகிறார் (அடைக்கலம் கேட்பது மட்டும் விதிவிலக்கு). மருத்துவமனையில் கிடந்து நாள் தாண்டப்போகிறது என்றால், தாண்டுவதற்கு முன் கூடுதலாக 30 நாள் வரை கேட்கலாம்.

இனி விமான நிலையம். 222(ஜி)-ல் விசா செத்துப்போனது தெரியாமல் டிக்கெட் எடுத்துப் போகிறவரைப் பார்ப்போம். சென்னையில் விமான நிறுவனம் ஏற்றிவிடும், ஏனென்றால் ஸ்டிக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. இறங்கியதும் முதல் கவுன்ட்டரில் கைரேகை வைத்தவுடன் பழைய பயணத்தின் வரவு, போக்குத் தேதிகள் திரையில் வரும். அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போது நம் ஊர்போல் குடிவரவு கவுன்ட்டர் இல்லையே, எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். விமான நிறுவனம் அனுப்பும் பயணிகள் பட்டியலிலிருந்து போகிற தேதி பதிவாகிவிடுகிறது. இப்போது ஏறும் வாயிலில் முகப்படமும் எடுக்கிறார்கள். கனடாவுக்குத் தரைவழி போனாலும் அந்நாடு தகவல் தருகிறது. அதன்பின் இரண்டாம் கட்ட விசாரணை அறை. செல்பேசியைத் திறக்கச் சொல்வார்கள். வழக்கறிஞரை வரவழைக்கும் உரிமை அங்கே இல்லை. கேள்வியும் பதிலும் தட்டச்சாகி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துக் கேட்பார்கள்.

அந்த அறையிலிருந்து திரும்பி வர இரண்டு வழிகள் உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து வருடம். ஒன்று, செல்லத்தக்க விசா இல்லாமல் வந்தவர் என்று உடனடி வெளியேற்ற உத்தரவு, படிவம் ஐ-860. இதற்கு 5 ஆண்டுத் தடை, வழக்கமான மேல்முறையீடு இல்லை. இன்னொன்று, உள்ளே நுழைவதற்கான வேண்டுகோளை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லித் திரும்புவது, படிவம் ஐ-275. விசா ரத்தாகும், ஆனால் ஆண்டுத் தடை ஒட்டாது. இரண்டாவதைக் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம்; இருந்தாலும் கேட்கலாம், கேட்க வேண்டும். பெற்றோர் தனியாகப் போகிறார்கள் என்றால் இந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்து அனுப்புங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் தொலைபேசி வழியாக ஏற்பாடு செய்வார்கள். புரியாத பக்கத்தில் கையெழுத்திட வேண்டாம், திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள். பயத்தில் ‘ஆமாம், ஆமாம்’ என்று தலையாட்டுவது கோப்பில் ஒப்புதலாகப் பதிவாகிவிடும்.

அபுதாபி வழியாகப் போகிறவர்களுக்கு, அமெரிக்க அதிகாரிகளின் இந்தச் சோதனை அங்கேயே முடிந்துவிடுகிறது. 2014 முதல் இந்த ஏற்பாடு. அங்கே மறுத்தால் அது அமெரிக்க மண்ணில் நடந்த வெளியேற்றம் ஆகாது, ஐந்தாண்டுத் தடையும் வராது. திரும்பும் தூரமும் குறைவு. சந்தேகம் உள்ளவர்கள் அந்த வழியைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஆனால் சந்தேகம் இருந்தால் ஏறாமல் இருந்து, புதிய விசாவுக்கு விண்ணப்பிப்பதே முறை.

கூடுதலாகத் தங்கியதைவிடப் பெரிய கேடு, அதை மறைப்பது. விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில், அனுமதித்த காலத்துக்கு மேல் எப்போதாவது தங்கியிருக்கிறீர்களா என்று நேரடியாகவே கேள்வி இருக்கிறது. ஏஜென்ட் கையில் படிவம் போனால் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று தட்டிவிட்டுப் போவது வழக்கம். மூன்று நாள் தாண்டியவருக்குத் தடையே கிடையாது என்று மேலே சொன்னோம். அதே ஆள் ‘இல்லை’ என்று பொய் சொன்னதாக முடிவானால், தவறான தகவல் தந்து விசா பெற முயன்றவர் என்று ஆயுள் முழுவதற்கும் தகுதியிழப்பு வரலாம். ‘ஆம்’ என்று போட்டு, விளக்கக் கட்டத்தில் ஐ-94 தேதி, கிளம்பிய தேதி, எத்தனை நாள் தாண்டியது, ஏன் என்று மூன்று வரி எழுதினால் போதும். புதுப்பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் பழையது தெரியாது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்து விரல் ரேகைக்குப் பாஸ்போர்ட் எண் தேவையில்லை.

3 அல்லது 10 ஆண்டுத் தடைக்குள் இருப்பவர்கள் தற்காலிக விசா கேட்பதற்கு 212(டி)(3) என்ற விலக்கு இருக்கிறது. பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. தடை முடியும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்குத் தனிப் படிவமோ கட்டணமோ கிடையாது. வழக்கம்போல் விசாவுக்கு விண்ணப்பித்து, நேர்காணலில் தகுதியிழப்பைச் சொல்லி மறுக்கும்போது, விலக்குக்குப் பரிந்துரைக்கும்படி கடிதத்தோடு கேட்க வேண்டும். தூதரக அதிகாரிக்கு மனம் இருந்தால் கோப்பு சிபிபி-யின் தகுதி மறுஆய்வு அலுவலகத்துக்குப் போகும், மாதக்கணக்கில் ஆகும். 1978-ல் வந்த ஒரு முடிவின்படி மூன்றை எடைபோடுவார்கள்: உள்ளே விட்டால் சமூகத்துக்கு ஆபத்து உண்டா, முன்பு செய்த மீறல் எவ்வளவு கடுமையானது, இப்போது வர விரும்பும் காரணம் என்ன. காரணம் உயிர் போகிற அவசரமாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையைத் தனியாக ஊட்டியாக வேண்டும், ஏனென்றால் 214(பி) மறுப்புக்கு விலக்கு கிடையாது. கனடாக் குடியுரிமைத் தமிழர்கள் விசா தேவைப்படாதவர்கள் என்பதால் ஐ-192 படிவத்தில் கட்டணம் கட்டி இதே விலக்கைக் கேட்க வேண்டும். உடனடி வெளியேற்ற உத்தரவு பெற்றவர்கள் ஐந்தாண்டுக்குள் குடியேற்ற விசாவில் போக நினைத்தால், மறுபடி விண்ணப்பிக்க அனுமதி கேட்கும் ஐ-212 படிவமும் தேவைப்படும்.

கூடுதலாகத் தங்கவே இல்லை, பதிவு மட்டும் தவறு என்ற வகையும் உண்டு. ஐ-94 பக்கத்தில் பயண வரலாறு என்ற பகுதியில் பத்தாண்டு வரவும் போக்கும் தெரியும். போன தேதி விட்டுப்போயிருந்தால் போர்டிங் பாஸ், சென்னையிலோ திருச்சியிலோ இறங்கியதற்கான இந்தியக் குடிவரவு முத்திரை, திரும்பிய வாரத்தில் இங்கே ஏடிஎம்-மில் பணம் எடுத்த வங்கிப் பட்டியல், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று கிடைப்பதையெல்லாம் சேர்த்து, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ‘டிரிப்’ எனப்படும் குறைதீர்ப்பு மனுவில் இணைக்கலாம். உங்களைப் பற்றிய கோப்பில் என்ன இருக்கிறது என்று அமெரிக்கத் தகவல் உரிமைச் சட்டப்படி சிபிபி-யிடம் கேட்டு வாங்கவும் முடியும். வெளிநாட்டவருக்கும் அந்த உரிமை உண்டு.

கடைசியாக, டிஎஸ்-160-ல் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரி. நீங்கள் ஊரில் இருக்கும்போதே தூதரகம் விசாவை ரத்து செய்தால் அந்தத் தகவல் போவது அந்த முகவரிக்குத்தான். பல பெற்றோரின் படிவத்தில் அது ஏஜென்ட்டின் முகவரியாக இருக்கிறது. அவர் கடையை மூடிவிட்டுப் போயிருப்பார். விமான நிலையக் கவுன்ட்டரில் ஏற்ற மறுக்கும்போதுதான் விஷயம் தெரியவரும், டிக்கெட் பணமும் போகும். முகவரி உங்களுடையதாகவோ பிள்ளையுடையதாகவோ இருக்கட்டும். படிவத்தின் உறுதிப் பக்கத்தையும் முழு நகலையும் ஏஜென்ட்டிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
விசா ஆவண உதவிப் பணியில் உள்ள வாசகர்கள்,
சென்னை.
(பெயர் வெளியிட வேண்டாம்)